வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் பியானோவும் டீச்சர் வீட்டுப் பியானோவும்

(இசைக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, தஞ்சாவூரில் பியானோ கற்பிப்பவரும் ட்யூனிங் செய்பவருமான நம் பகுதி எழுத்தாளர் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பியானோவைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாகப் பியானோ கற்கிறாள். வீட்டில் 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ இருக்கிறது. அவளுடைய டீச்சர் வீட்டில் இருப்பது பழைய மரப் பியானோ. "டீச்சர் வீட்டில் வாசித்தால் சத்தம் ரூம் முழுக்க நிற்கிறது, நம்ம வீட்டில் கட்டையோடு முடிந்துபோகிறது" என்கிறாள். வாங்கும்போது கடைக்காரர், பெரிய கிராண்ட் பியானோவின் ஒலியையே பதிவு செய்து உள்ளே வைத்திருக்கிறார்கள், வித்தியாசமே தெரியாது என்றார். இருவரில் யார் சொல்வது சரி?
— வாசகி, கும்பகோணம்

உங்கள் மகளின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னதும் பொய் அல்ல. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கிராண்ட் பியானோவின் ஒலியைப் பதிவு செய்தது உண்மை. எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கட்டையை அழுத்தி, அந்த ஒலி தேயும் வரை பதிவு செய்து, பிறகு அடுத்த கட்டைக்குப் போவார்கள். மெதுவாக ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, பலமாக ஒரு முறை என்று ஒவ்வொரு கட்டைக்கும் சில பதிவுகள் எடுப்பார்கள். இதற்கு சாம்பிளிங் என்று பெயர். ஆக, உங்கள் வீட்டுக் கருவிக்குள் இருப்பவை தனித்தனியே பிடித்துவைத்த ஸ்வரங்கள். கல்யாண வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து பேசும் பேச்சுக்கும், அதே ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. கூட்டத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவரைத் தூண்டும். பதிவில் அது நடக்காது.

டீச்சர் வீட்டில் இருப்பது போன்ற மரப் பியானோவுக்குள் (அக்கூஸ்டிக் பியானோ என்பது இதுதான்) ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. அவை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் விசை மொத்தமாகப் பார்த்தால் 18 முதல் 20 டன் வரை வரும். அதைத் தாங்கத்தான் வார்ப்பிரும்புச் சட்டம். கட்டையை அழுத்தினால் கம்பளி ஃபெல்ட் போர்த்திய சுத்தியல் ஒன்று கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. கம்பி மட்டும் அதிர்ந்தால் கொசு முனகுவது போலத்தான் கேட்கும். அந்த அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் குதிரை வழியாக ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆன பெரிய பலகைக்கு இறங்கி, அந்தப் பலகை முழுவதும் காற்றை அசைப்பதால்தான் நாதம் பிறக்கிறது. வீணையில் தந்தியோடு பலா மரக் குடமும் சேர்ந்து பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று: எல்லாக் கம்பிகளும் அந்த ஒரே பலகையோடுதான் இணைந்திருக்கின்றன. எனவே ஒரு கம்பியின் அதிர்வு பலகை வழியாக மற்றக் கம்பிகளையும் போய்த் தொடுகிறது.

அடுத்த வகுப்பின்போது டீச்சரிடம் அனுமதி கேட்டு உங்கள் மகள் இதைச் செய்து பார்க்கட்டும். கட்டை வரிசையின் மத்தியில் இருக்கும் சி-க்கு, அதாவது நடு சி-க்கு, ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி கட்டையை, சத்தம் வராதபடி மிக மெதுவாக அடிவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுத்தியல் அடிக்காது, ஆனால் அந்தக் கம்பியை அடக்கிவைத்திருக்கும் டாம்பர் மேலே எழுந்துவிடும். இப்போது மறு கையால் நடு சி-யை ஒரு தட்டு பலமாகத் தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். தட்டிய கட்டை அடங்கிய பிறகும், தட்டாத கம்பியிலிருந்து அதே ஸ்வரம் மெலிதாக மிதந்து வரும். அப்படியே நடு சி-க்கு மேலே உள்ள ஜி-யைத் தட்டினால் பஞ்சமம் மிதக்கும். அதற்கும் மேலே, அடுத்த ஸ்தாயியின் இ-யைத் தட்டினால் காந்தாரம், இன்னும் மெலிதாக. ஆனால் எஃப் ஷார்ப்பைத் தட்டிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. கீழ் சி கம்பியின் உள்ளே இயற்கையாகவே அடங்கியிருக்கும் மேல் ஸ்வரங்களுக்கு மட்டுமே அது காது கொடுக்கிறது. தம்புராவில் பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டும் மீட்டினாலும் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கிறதே, அதே காரணம்தான்.

இதையே வீட்டுக் கருவியிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்த கருவிகளில் கை எடுத்தவுடன் நிசப்தம்தான். சற்று விலை கூடியவற்றில் இந்த உடன் அதிர்வைக் கணக்கிட்டுச் சேர்த்திருப்பார்கள். சோதனையில் அவை தேறவும் கூடும். பதிவுகளையே நம்பாமல் கம்பி, சுத்தியல், பலகை ஆகியவற்றின் இயக்கத்தை நொடிக்கு நொடி கணக்கிட்டே ஒலியை உண்டாக்கும் முறையும் வந்துவிட்டது. 2006-இல் வெளிவந்த பியானோடெக் மென்பொருளும் 2009-இல் வந்த ரோலண்ட் வி-பியானோவும் அந்த வழியில் வந்தவை. எனவே "டிஜிட்டல்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது.

இரண்டாவது வேறுபாடு ஃபெல்ட்டில் இருக்கிறது. பலமாக அடிக்கும்போது ஃபெல்ட் நசுங்கி இறுகுகிறது. இறுகிய ஃபெல்ட் கம்பியில் மேல் ஸ்வரங்களை அதிகமாகக் கிளப்புகிறது. அதனால் பலமாக வாசித்தால் சத்தம் கூடுவதோடு, நாதத்தின் நிறமே மாறுகிறது. மெத்தென்று இருந்தது கணீரென்று ஆகிறது. இந்த மாற்றம் அக்கூஸ்டிக் பியானோவில் படியே இல்லாத சரிவு. சாம்பிள் கருவியில் மூன்று அல்லது நான்கு பதிவுகளை ஒட்டிச் சமாளிப்பதால், ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கி இருபது முறை சிறிது சிறிதாகப் பலம் கூட்டி அடித்தால், எங்கோ ஓரிடத்தில் நிறம் சட்டென்று படியேறுவது தெரியும். நல்ல கருவிகளில் அந்த ஒட்டை நன்றாக மெழுகியிருப்பார்கள்.

மூன்றாவது, ஒலி தேயும் விதம். நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். எவ்வளவு நல்ல ட்யூனர் சேர்த்தாலும் மூன்றும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் நிற்பதில்லை. அடித்தவுடன் மூன்றும் ஒன்றாக அசைந்து பலகைக்குச் சக்தியை வேகமாகக் கொட்டிவிடுகின்றன. பிறகு ஒன்றுக்கொன்று எதிராக அசையத் தொடங்கியதும், மிச்சச் சக்தி மிக மெதுவாகக் கசிகிறது. எனவே பியானோவின் ஸ்வரம் முதலில் விறுவிறுவென்று இறங்கி, பிறகு நெடுநேரம் மெலிதாகத் தொங்கி நிற்கிறது. இதை 1977-இல் காப்ரியேல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் விளக்கினார். உங்கள் மகள் "நிற்கிறது" என்று சொன்னாளே, அந்தச் சொல்லில் இதுவும் அடக்கம் என்று நினைக்கிறேன். டிஜிட்டலில் நினைவகத்தைச் சிக்கனப்படுத்த, தேய்ந்துவரும் ஒலியின் ஒரு சிறு துண்டை எடுத்து அதையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, வால்யூமை மட்டும் குறைத்துக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. கீழ்ஸ்தாயிக் கட்டை ஒன்றை இருபது விநாடி பிடித்திருந்து கேளுங்கள். அக்கூஸ்டிக்கில் அந்த இருபது விநாடியும் ஒலி உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். சுழலவிட்ட துண்டு என்றால், சில விநாடிகளில் அது ஆர்மோனியம் பிடித்த மாதிரி உறைந்துபோகும்.

இவ்வளவு சொன்னதால் வீட்டுக் கருவியை விற்றுவிட வேண்டாம். கட்டைகளுக்கு உண்மையான எடை இருந்து, கீழ்ஸ்தாயியில் சற்றுக் கனமாகவும் மேலே போகப் போக இலேசாகவும் இருந்தால், விரல் பழக அது போதும். வாரம் ஒரு முறையாவது டீச்சர் வீட்டுப் பியானோவில், முக்கியமாகப் பெடல் போட்டு வாசிக்கும் பகுதிகளை, அவள் பழகட்டும். பெடலை அழுத்தியவுடன் டாம்பர்கள் எல்லாம் எழுந்து, 230 கம்பிகளும் கதவு திறந்து காத்திருக்கின்றன. அங்கே காதால் பெடல் போடக் கற்றுக்கொண்டவள் எந்தக் கருவியிலும் வாசிப்பாள். வீட்டில் மட்டும் பழகிய மாணவர்கள் பெடலை அழுத்தியது அழுத்தியபடியே விட்டுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; வீட்டுக் கருவியில் அது கலங்கித் தெரியாததால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஹெட்போனில் கேட்டால் என் டிஜிட்டல் பியானோ அருமையாக இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றினால் டப்பாவுக்குள் வாசிப்பது போல இருக்கிறது. கருவியில் கோளாறா?
— வாசகர், மன்னார்குடி

கோளாறு இல்லை. உள்ளே உருவாகும் ஒலி நன்றாகவே இருக்கிறது என்பதற்கு ஹெட்போனே சாட்சி. வெளியே கொண்டுவரும் ஸ்பீக்கர்தான் சிறியது. பியானோவின் மிகக் கீழான ஸ்வரம் விநாடிக்கு 27.5 அதிர்வு, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அதன் கிட்டேயே போக முடியாது. அக்கூஸ்டிக்கிலும் அந்த அடி அதிர்வு பலவீனமானதுதான், மேல் ஸ்வரங்களைக் கேட்டு மூளையே அடியைப் பூர்த்தி செய்துகொள்கிறது என்பது வேடிக்கையான உண்மை. ஆனாலும் பெரிய பலகை தரையையும் நாற்காலியையும் அசைப்பதை உடம்பு உணர்கிறது. தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கும் மொபைலில் தவில் கேட்பதற்கும் உள்ள தூரம் அது.

செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். பல கருவிகளில் ஸ்பீக்கர்கள் அடிப்பக்கம் தரையைப் பார்த்தோ, பின்பக்கம் பார்த்தோ இருக்கும். கருவியைத் திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் நடுவே வைத்திருந்தால் சுவரோரம் மாற்றுங்கள்; சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கனமான மர மேசைமேல் வைத்தால் கீழ்ஸ்தாயி சற்றுத் திரண்டு கேட்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் லைன் அவுட் வழியாக நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி இணைத்துக்கொள்ளலாம். ஹெட்போனில் நெடுநேரம் பழகுபவராக இருந்தால் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

64 பாலிஃபனி, 128 பாலிஃபனி, 256 பாலிஃபனி என்கிறார்களே, நமக்கு இருப்பதோ பத்து விரல். எதற்கு இத்தனை?
— வாசகர், பட்டுக்கோட்டை

பாலிஃபனி என்பது கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கவிடக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை. பெடலை அழுத்திக்கொண்டு வாசித்தால் முன்பு அடித்த ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவையும் கணக்கில் சேரும். ஸ்டீரியோப் பதிவு என்றால் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டாகவும் கணக்காகலாம். எண்ணிக்கை தீர்ந்ததும் கருவி பழைய ஸ்வரம் ஒன்றைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 128 இருந்தால் வீட்டுக்குப் போதும்.

எங்கள் பள்ளியில் உள்ள அக்கூஸ்டிக் பியானோவை ட்யூன் செய்துவிட்டுப் போனார்கள். மொபைலில் ட்யூனர் ஆப் வைத்துச் சோதித்தால், மேல்ஸ்தாயி ஸ்வரங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் கொஞ்சம் குறைவாகவும் காட்டுகின்றன. பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்துவிட்டார்களா?
— வாசகர், திருவாரூர்

தயவுசெய்து ட்யூனருடன் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் சரியாகவே செய்திருக்கிறார்.

பியானோக் கம்பி விறைப்பான உருக்குக் கம்பி. நூல் போலத் துவளாது. அந்த விறைப்பினால் அதன் மேல் ஸ்வரங்கள், ஏட்டுக் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கின்றன. ஒரு கம்பியின் மேல் ஸ்வரத்தோடு அடுத்த ஸ்தாயியின் கம்பி ஒத்துப்போனால்தான் காதுக்குச் சேர்ந்ததாகப் படும். எனவே ட்யூனர், ஸ்தாயி ஏற ஏறச் சுருதியை மயிரிழை மயிரிழையாக நீட்டிக்கொண்டு போகிறார். கீழே இறங்கும்போது எதிர்ப்பக்கம் நீட்டுகிறார். இந்த வளைவை 1938-இல் ரெயில்ஸ்பேக் என்பவர் அளந்து காட்டினார். இரு கோடிகளிலும் அது அரை ஸ்வரத்தின் கால் பங்கைத் தாண்டுவதும் உண்டு. உங்கள் ஆப் ஏட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறது. பியானோ சிறியதாக இருந்தால் கம்பி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், ஆகவே நீட்டலும் அதிகமாகும்.

ஆப்பை ஒரு நல்ல டிஜிட்டல் பியானோவின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். அங்கும் ஏறக்குறைய இதே "தவறு" தெரியும். உண்மையான பியானோவிலிருந்து எடுத்ததால் அந்த நீட்டலும் பதிவோடு சேர்ந்து வந்துவிட்டது, அல்லது காதுக்காக வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

நான் பாட்டு கற்பவள். எலக்ட்ரானிக் தம்புராவை வைத்தே சாதகம் செய்கிறேன். நீங்கள் பியானோவுக்குச் சொல்லும் வேறுபாடு தம்புராவுக்கும் பொருந்துமா?
— வாசகி, திருவையாறு

பெரும்பாலும் பொருந்தும். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் இடும் ஜீவாளி நூலை ஒரு நெல் முனை அளவு நகர்த்தினாலே நாதம் மூடிக்கொள்வதும் மலர்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியில் அந்த நிலை ஒரே மாதிரி நிலைத்துவிடுகிறது. ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் பியானோவைவிடத் தம்புராவுக்கு இதில் நஷ்டம் குறைவு என்பேன், ஏனென்றால் தம்புரா மீட்டுபவரின் விரல் பலத்தை வைத்து யாரும் கச்சேரியை எடை போடுவதில்லை. பியானோவிலோ விரலின் பலம்தான் இசையே. அதிகாலைச் சாதகத்துக்குப் பெட்டி தாராளமாகப் போதும். வாரம் ஒரு நாள் உண்மைத் தம்புராவை நீங்களே சுருதி சேர்த்துப் பாடுங்கள்.

நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் குடியிருக்கிறோம். உறவினர் ஒருவர் வெளிநாடு போவதால் அறுபது ஆண்டுப் பழைய அப்ரைட் பியானோவை (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) எங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். வண்டிக்கூலி மட்டும் நம் செலவு. வாங்கலாமா, அல்லது அந்தப் பணத்தைப் புதிய டிஜிட்டலில் போடலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

இலவசமாக வரும் பியானோவைப்போலச் செலவு வைக்கும் பொருள் வேறு இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் இதே போன்ற ஓர் அப்ரைட்டை ஆசைப்பட்டு எடுத்துவந்தேன். மேலே பாலிஷ் கண்ணாடி போல இருந்தது. ட்யூன் செய்தேன்; மறு வாரமே சுருதி இறங்கியது; மறுபடி சேர்த்தேன்; மறுபடி இறங்கியது. முன்பலகையைக் கழற்றிச் சாவியை வைத்துத் திருகினால், சுருதி ஆணிகள் வெண்ணெயில் செருகியவை போலச் சுழன்றன. ஆணிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை உள்ளுக்குள்ளே விரிந்துபோயிருந்தது. ஐப்பசியில் நான்கு கட்டைகள் அழுத்தினால் எழவே இல்லை. அதைச் செப்பனிட ஆன செலவை எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

எனவே வண்டியை அமர்த்துமுன் ஒரு ட்யூனரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆணிகளின் பிடிப்பு. அது இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். பிறகு டார்ச் அடித்துக் கம்பிகளைப் பாருங்கள். மேலாகப் படிந்த பழுப்பு பரவாயில்லை. செதிலாக உரியும் துரு என்றால் சுருதி ஏற்றும்போதே அறுந்துபோகும், உப்புக் காற்றில் இது அடிக்கடி நடக்கிறது. ஃபெல்ட்டைப் பூச்சி தின்றிருக்கிறதா, சுத்தியல் முனையில் கம்பிகளின் தடம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்; தடம் ஆழமாக இருந்தால் ஒலி தகரம் போல் இருக்கும், ஓரளவு சீவிச் சரிசெய்யலாம். பின்பக்கம் கரையான் ஏறியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

ஈரப்பதத்தின் விளையாட்டு என்னவென்றால், மழைக்காலத்தில் நாதம் எழுப்பும் மரப் பலகை ஈரம் குடித்து உப்புகிறது. குதிரை மேலே தள்ளப்படுகிறது. கம்பி இறுகி, நடு ஸ்தாயியில் சுருதி ஏறுகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து இறங்குகிறது. ஆகவே கார்த்திகை மழையில் ட்யூன் செய்வது பணத்தைக் காவிரியில் கரைப்பது போல. தையில் காற்று காய்ந்த பிறகு ஒரு முறையும், ஆடியை ஒட்டி ஒரு முறையும் செய்வதே நம் பக்கத்துக்கு ஏற்றது. சாரல் அடிக்கும் வெளிச்சுவரோரமும் கடல் பார்த்த ஜன்னலோரமும் வைக்கக் கூடாது. ஈரத்தை விரட்ட, உள்ளே பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட குறைந்த வாட் ஹீட்டர் ராடு கிடைக்கிறது. சிலர் குண்டு பல்பு எரியவிடுவார்கள். ஃபெல்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதை ஆதரிப்பதில்லை.

டிஜிட்டலுக்கும் இந்த மண்ணில் கஷ்டம் உண்டு. கட்டைகளுக்கு அடியில் உள்ள ரப்பர் காண்டாக்ட்டுகளில் தூசியும் ஈரமும் சேர்ந்தால், ஒரு கட்டை திடீரென்று அளவுக்கு மீறிக் கத்தும் அல்லது ஊமையாகும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. இடி இடிக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து போர்டு போய்விட்டால் அதே போர்டு கிடைப்பது அரிது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு உங்கள் மாவட்டத்தில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அந்த நாட்களில் டிஜிட்டல் வெறும் மேசைதான்.

என் தீர்ப்பைக் கேட்டால், சுருதி நிற்காத அக்கூஸ்டிக்கைவிட நல்ல டிஜிட்டல் எவ்வளவோ மேல். பழகும் பிள்ளையின் காதை அது கெடுக்காது. ஆணி பிடித்து, பலகை பிளக்காமல் இருந்தால் மட்டும் அந்த அப்ரைட்டை எடுத்துவாருங்கள். வந்தவுடன் ட்யூன் செய்யாதீர்கள். புதிய அறையின் காற்றுக்கு மரம் பழக மூன்று வாரமாவது விடுங்கள். இப்போதே ட்யூனரிடம் தை மாதத்துக்குத் தேதி சொல்லிவையுங்கள்; அந்த மாதத்தில் அவர்கள் கிடைப்பது கடினம்.